பேசுகிறவரின் கூலியை முதலில் எழுதுங்கள்

"இணைய வானொலி ஆரம்பிக்க எவ்வளவு செலவாகும் தோழர்?" மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கல்லூரியில் வாசகர் வட்டம் நடத்துகிற மாணவர்கள், அம்பேத்கர் மன்றத்துப் பிள்ளைகள், சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஐ.டி. ஊழியர்கள். 2023 ஏப்ரல் 14 அன்று, விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் காலனியிலிருந்து நாங்கள் நான்கு பேர் ஓர் இணைய வானொலியைத் தொடங்கினோம். அன்றுவரை ஆன செலவு 6,500 ரூபாய். முதல் சில மாதங்கள் யார் கேட்டாலும் அந்தத் தொகையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அந்தக் கணக்கில் ஒரு பெரிய தொகை விடுபட்டிருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 6,500 வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டையில் குத்தும் மைக் இரண்டு, 1,600 ரூபாய். ஹெட்போன் 700. இணைய முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் 900. வாடகை சர்வர் மாதம் 500 வீதம் மூன்று மாதத்துக்கு 1,500. மன்றத்துத் திண்ணையில் வைக்க ஒரு புளூடூத் ஸ்பீக்கர் 1,800. மடிக்கணினி என் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஏற்கெனவே வாங்கியது. மென்பொருளுக்குக் காசே இல்லை. சர்வரில் ஐஸ்காஸ்ட், அதைச் சுலபமாக நிர்வகிக்க அசுராகாஸ்ட், ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, வீட்டிலிருந்து நேரலை அனுப்ப 'பட்' என்ற சின்ன நிரல். எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். பதிவுக்கூடம் பெரியம்மா வீட்டு உள்ளறை. சுவரோரம் துணி மூட்டைகளை அடுக்கி, கதவில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். குறுக்கே கோழி போனால் ஒன்றும் செய்ய முடியாது.

தொழில்நுட்பத்தைக் கண்டு தயங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆயிரம் பேர் கேட்டால் நம் வீட்டு இணையம் தாங்குமா என்று பலரும் பயப்படுகிறார்கள். எத்தனை பேர் கேட்டாலும் நம் வீட்டிலிருந்து கிளம்புவது ஒரே ஒலி ஓடைதான். அதை வாங்கி ஆளுக்கொரு பிரதியாக அனுப்புவது சர்வரின் வேலை. பேச்சுக்கு 64 கிலோபிட் தாராளமாகப் போதும். அந்த அளவில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 எம்.பி. செலவாகும். நூறு பேர் கேட்டால் மூன்று ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவு. ஊரில் டவர் சரியாகக் கிடைக்காத நாளிலும் 64 கிலோபிட்டைத் தள்ளிவிடலாம். கரண்ட் போய் நேரலை அறுந்தால், சர்வரில் ஏற்றி வைத்த பட்டியல் தானாக ஓடத் தொடங்கும். கேட்பவருக்குச் செயலி எதுவும் வேண்டாம். வாட்ஸப்பில் அனுப்பிய சுட்டியை அழுத்தினால் பாடும். போன் திரையை அணைத்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்க்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம்.

இதற்கு யூடியூப் சேனல் தொடங்கியிருக்கலாமே என்பார்கள். எங்களுக்குக் கேட்பவர்களின் கைகள் முக்கியம். வீடியோ பார்க்க ஒரு கையும் இரண்டு கண்ணும் வேண்டும். எங்கள் காலனிப் பெண்களுக்கு இரவு ஒன்பது மணிவரை அவை ஓய்வாக இருப்பதில்லை. இன்னொன்று, நம்மைப் பற்றி நாமே பேச ஓர் இடம் வேண்டும் என்பது. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121ஐக் கணக்கெடுத்தார்கள். 106 இடங்களில் உயர்சாதியினர். தலித்தோ பழங்குடியோ ஒருவர்கூட இல்லை. 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகர் தொடங்கிய 'கேசரி'. அயோத்திதாசர் 1907இல் தன் இதழை 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரிலேயே தொடங்கினார். விலையே பெயர். குறைந்த செலவில் ஊடகம் நடத்துவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை.

அரசு உரிமம் வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொன்னது. ஆனாலும் சமுதாய வானொலிக்கான கதவு 2002இல் கல்வி நிறுவனங்களுக்குத்தான் முதலில் திறந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் அப்படி வந்ததுதான். பிற அமைப்புகளுக்கு 2006வரை அனுமதி இல்லை. தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ'வுக்கு 1990களின் இறுதியிலேயே கருவிகள் தயாராக இருந்தன. உரிமம் இல்லாததால் அந்தப் பெண்கள் பல ஆண்டுகள் நிகழ்ச்சிகளை கேசட்டில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபரில்தான் அவர்கள் குரல் காற்றில் ஏறியது. இன்றும் சமுதாய வானொலிக்கு விண்ணப்பிக்கும் அமைப்பு பதிவாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், கோபுரம் வேண்டும், சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. இணைய வானொலி அலைக்கற்றையைத் தொடுவதில்லை என்பதால் இந்த உரிமம் தேவையில்லை. 2023 நவம்பரில் வந்த ஒலிபரப்பு வரைவு மசோதா இணையத்தையும் பிடிக்குள் கொண்டுவரப் பார்த்தது. அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை பாட்டில் வந்தது. வானொலி என்றால் சினிமாப் பாட்டு இல்லாமலா? பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு வானொலிகளுக்குச் சட்டப்படியான ஓர் உரிமம் தருகிறது. உரிமையாளரிடம் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை, நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டினால் போதும். ஆனால் இணையவழி ஒலிக்கு அது பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019இல் ஓர் இசைச் செயலி வழக்கில் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஆக, ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பெனியிடம் போய் நிற்க வேண்டும். இளையராஜா பாட்டுப் போட எங்களுக்கு வழியில்லை. அம்பேத்கரின் எழுத்துகள் 2017 முதல் பொதுவுடைமை. இதிலும் ஒரு கண்ணி உண்டு: தமிழ் மொழிபெயர்ப்பின் உரிமை மொழிபெயர்த்தவருக்கோ பதிப்பகத்துக்கோ இருக்கும். அதனால் நாங்களே ஆங்கிலத்திலிருந்து பத்திப் பத்தியாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். அயோத்திதாசரை அப்படியே வாசிக்கலாம், தடையில்லை.

சினிமாப் பாட்டு இல்லையென்றால் நம் இசை இருக்கிறதே என்று எங்கள் காலனிப் பறைக்குழுவிடம் போனோம். ஐந்து பையன்கள். ஒருவன் பாலிடெக்னிக், இருவர் பெயின்டிங் வேலை, இருவருக்குக் கிடைத்த வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மணி நேரம் வாசியுங்கள், பதிந்துகொள்கிறோம், நம் வானொலிதானே என்றேன். அந்தப் பையன்களில் மூத்தவன் கேட்டான்: "சாவுக்கு அடிச்சாலும் கூலி பேசி வாங்கணும், சும்மா அடிக்கக் கூடாதுன்னு ஒங்க ஆளுங்கதான் மீட்டிங்ல பேசனாங்க. இப்ப நீங்களே சும்மா அடிக்கச் சொல்றீங்களேக்கா?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பறையடிப்பதைச் சாதிக் கடமையாக்கி, கூலிக்குப் பதில் ஒரு மரக்கால் நெல்லும் ஒரு குடி சாராயமும் கொடுத்ததைத்தான் நம் இயக்கங்கள் காலங்காலமாக எதிர்த்தன. என் ஆய்வின் இரண்டாம் இயலில் நானே அதைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். மைக் விற்றவனிடம் 1,600 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். சர்வர்காரனுக்கு ஒரு நாள் தவறினாலும் நிலையம் நின்றுவிடும் என்று முன்பணம் கட்டினேன். பறைக்காரப் பையனிடம் மட்டும் "நம்ம வானொலி" என்று உறவு கொண்டாடினேன். ஊர்த்தெருவில் "நம்ம ஊருத் திருவிழா" என்று சொல்லி வேலை வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் இல்லை.

இயக்க வேலைக்குக் கூலி பேசலாமா என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். தன்னார்வமாக உழைப்பது வேறு. நான் தன்னார்வமாக உழைக்கிறேன். தாமதமாக வந்தாலும் எனக்கு ஆய்வு உதவித்தொகை என்று ஒன்று வரும், என் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் வரும், இந்த வானொலியைப் பற்றி நாளைக்கு ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தாலும் வாசிப்பேன். அந்தப் பையனுக்கு இதில் எதுவும் வராது. நாள் வருமானம் இல்லாதவரிடம் நாம் கேட்டு வாங்கும் இலவச உழைப்புக்குத் தன்னார்வம் என்று பெயர் வைக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரியம்மா விஷயம் தெரிந்தது. எங்கள் முதல் நிகழ்ச்சியிலிருந்து பேசுகிறவர் அவர்தான். அம்பத்தாறு வயது, பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் கதை சொன்னால் தெருவே உட்கார்ந்து கேட்கும். நான் சென்னையிலிருந்து பஸ் ஏறி வர நண்பகல் ஆகிவிடும் என்பதால் பதிவை மதியம் வைத்திருந்தேன். ஜூன் மாதம் ஒருநாள் ஏரி வேலையிலிருந்து அவரை நடுவில் கூட்டிக்கொண்டு வந்தேன். நூறு நாள் வேலையில் அப்போது ஒரு நாளைக்கு இரண்டு முறை செல்போன் செயலியில் ஆட்களைப் படம் எடுத்தார்கள். இரண்டாவது படத்தில் பெரியம்மா இல்லை. அன்றைய கூலி போய்விட்டது. அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்திருந்த கூலி 294 ரூபாய். அவர் என்னிடம் சொல்லவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அவர் மகன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "அத்தப் போயி அதுங்கிட்ட சொல்லிகினு இருக்கியா" என்று அவனைத்தான் திட்டினார் பெரியம்மா.

ஆக, 6,500 ரூபாயில் வானொலி நடத்துகிறோம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், மீதிச் செலவைப் பெரியம்மா கட்டிக்கொண்டிருந்தார்.

கூலியோடு முடியும் கணக்கும் இல்லை இது. ஆகஸ்ட் மாதம் பெரியம்மா நேரலையில் சுடுகாட்டுப் பாதையைப் பற்றிப் பேசினார். மழைக்காலத்தில் பிணத்தை வரப்பில் தூக்கிக்கொண்டு போவது, நிலத்துக்காரர் முள்வேலி போட்டது, யார் அவர், யார் பேரன் என்பது எல்லாம். அருமையான பதிவு. நாங்கள் அதைக் கோப்பாக எங்கள் தளத்தில் போட்டோம். எங்கள் நால்வரில் ஒருவர் அதிலிருந்து நாற்பது நொடியை வெட்டி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். மூன்றாம் நாள் அது ஊர்த்தெருப் போன்களில் ஓடியது. அந்த வாரம் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கப் போன ஆறு பேரில் பெரியம்மாவை மட்டும் வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். வேலி போட்டவர் வேறு, கொல்லைக்காரர் வேறு. "அந்த ரேடியோக்காரி வேணாம்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். பதினோரு நாள் வேலை இல்லை.

அன்றிரவு நாங்கள் நால்வரும் சண்டை போட்டோம். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம், புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்றார் ஒருவர். சட்டப்படி அவர் சொன்னது சரி. நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். பெரியம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "கேசப் போட்டுட்டு நீ பஸ் ஏறிடுவ பாப்பா. நான் அதே வரப்புலதான் நடக்கணும்" என்றார். கோப்பைத் தளத்திலிருந்து எடுத்தோம். போனுக்குப் போன் போன துண்டை யார் எடுப்பது? பதினோரு நாளுக்கு 250 வீதம் 2,750 ரூபாயைத் திரட்டிக் கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றார். பறைக்காரப் பையன் சொன்னதைச் சொன்னேன். வாங்கிக்கொண்டார்.

வானொலி என்ற வடிவத்தின் மதிப்பே அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்ட நேரத்தில் கேட்டு, அதோடு காற்றில் கரைந்துபோவது அதன் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்காஸ்ட்டாக மாற்றி எல்லாவற்றையும் அடுக்கி வைக்கத் துடித்தேன். ஆவணம் சேர்ப்பது என் தொழில், அந்தப் பழக்கம். கூலிக்குப் போகிற பெண்ணுக்குத் தன் குரல் நாலு பேர் காதில் விழ வேண்டும், நாளைக்கு ஊர்த்தெருவில் அது சாட்சியாக நிற்கவும் கூடாது. நேரலை அந்த வசதியைக் கொஞ்சமாவது தருகிறது. கேட்கிறவர் பதிவு செய்துவிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் நாமே வெட்டி, தலைப்புப் போட்டு, பகிரச் சொல்லி அனுப்புவதற்கும் அதற்கும் வேறுபாடு உண்டு. இப்போது எங்களிடம் நேரலை மட்டும்தான். பதிவை இணைப்பில்லாத ஒரு வன்தட்டில் வைக்கிறோம். பேசியவர் ஒரு வாரம் கழித்து முழுவதையும் ஹெட்போனில் கேட்டுவிட்டு, போடலாம் என்றால் போடுவோம். இரண்டாம் முறை கேட்கும்போது "இந்தப் பேர எடுத்துடு" என்று சொன்னவர்கள் பலர்.

இது பயந்து ஒதுங்குவதில்லையா, சாதி வெறியர்களின் பெயரைச் சொல்லாமல் என்ன சாதி ஒழிப்பு என்று இதைப் படிக்கும் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, எங்களுக்குள்ளேயே அது இன்னும் தீரவில்லை. என் கருத்து இது: பெயரைச் சொல்லத்தான் வேண்டும். யார் வாயால் என்பதில்தான் தவறு செய்தோம். அந்தப் பாதைப் பிரச்சினையை அடுத்த மாதம் நான் என் பெயரைச் சொல்லி, கிராம வரைபடத்தில் உள்ள புல எண்ணோடு, மாவட்ட நிர்வாகத்துக்கு நாங்கள் எழுதிய மனுவோடு சேர்த்து வாசித்தேன். என்னை யாரும் களை எடுக்கக் கூப்பிடப் போவதில்லை, அதனால் நிறுத்தவும் முடியாது. படித்தவர்களுக்கு வானொலியில் ஒரு வேலை இருக்கிறதென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன். நாம் என்ன செய்கிறோம்? அறிவிப்பாளர் நாற்காலியில் பாதுகாப்பாக உட்கார்ந்து, "உங்களுக்கு நடந்த கொடுமையைச் சொல்லுங்கள்" என்று மைக்கை அவர்கள் பக்கம் நீட்டுகிறோம்.

பெரியம்மா இரண்டு மாதம் பேச வரவில்லை. அக்டோபரில் அவராகவே கேட்டார், மூன்று நிபந்தனைகளோடு. விளக்கு வைத்த பிறகுதான் வருவேன். அழிக்க முடியாத எதிலும் போடக் கூடாது. மூன்றாவதை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை: "எம் பேச்சத் திருத்தக் கூடாது." முதல் மாதங்களில் அவர் 'போவுது', 'வுடு' என்று சொல்லும் இடங்களை நான் பதிவில் வெட்டியிருக்கிறேன். சத்தமாக இருந்தது, இழுத்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அகில இந்திய வானொலியின் செய்தி வாசிப்பும் எஃப்.எம். தொகுப்பாளர்களின் வேகப் பேச்சும் என் காதில் போட்டு வைத்திருந்த அளவுகோல் அது. அவர் கவனித்திருக்கிறார்.

இனி யாராவது செலவைக் கேட்டால் நான் சொல்லும் மாதக் கணக்கு இது. சர்வரும் இணையமும் சேர்ந்து 800 ரூபாய். வாரம் இரண்டு நிகழ்ச்சி, ஞாயிறும் புதனும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு 350 வீதம் எட்டு நிகழ்ச்சிக்கு 2,800. பறைக்குழுவுக்கு மாதம் ஒரு பதிவு, 1,500. போக்குவரத்து 1,000. பேசியதற்காக யாருக்காவது வேலை போனால் கொடுக்க ஒதுக்கி வைப்பது 1,000. மொத்தம் 7,100. நாற்பது பேர் மாதம் 150 தருகிறார்கள், 6,000 வருகிறது. மீதி 1,100 எங்கள் நால்வர் பொறுப்பு. இருபத்து நான்கு மணி நேர ஒலிபரப்பு வேண்டுமென்று ஆசைப்படாதீர்கள். வாரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எங்களால் கூலி கொடுக்க முடியாது, அதனால் நான்கு மணி நேரம்தான் வானொலி. மற்ற நேரம் அயோத்திதாசர் வாசிப்பும் பறையும் மாறி மாறி ஓடும்.

விலை உயர்ந்த மைக் வாங்கலாமா என்று போன வாரம் எங்களில் ஒருவர் கேட்டார். எட்டாயிரம் ரூபாயாம். என் உதவித்தொகை ஐந்து மாதமாக வரவில்லை. இந்த மாதம் இரண்டு பேருக்கு 350 வீதம் பாக்கி இருக்கிறது. அதில் ஒருவர் பெரியம்மா. புதன்கிழமை ஏழரை மணிக்கு அவர் நடவு நாட்களில் சொன்ன விடுகதைகளைப் பற்றிப் பேசப் போகிறார், அதற்கு முன் கொடுத்துவிட வேண்டும்.